ஒன்பதாம் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி

அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தி முடிந்ததும் பத்தாம் வகுப்புக்கு ஒரு பட்டியல் போடப்படும். யார் தேறுவார், யார் இழுபறி, யாரை நம்பவே முடியாது என்று மூன்று வரிசை. மூன்றாவது வரிசையைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் கேட்பார்: "இவனுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் ஏதாச்சும் வாங்க முடியுமா? ஒரு மொழிப் பாடம் விலக்கு கிடைச்சா பாஸ் பண்ணிடுவான்ல?" வட்டார வள மையத்தில் இருக்கும் நம் சிறப்பாசிரியர்களின் கைப்பேசி அதிகமாக ஒலிப்பது அந்த வாரத்தில்தான்.

கேட்பவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அந்தப் பையன்மேல் அக்கறையுள்ள வகுப்பாசிரியர்தான். ஆனால் பொதுத் தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோல் தயாராகும் நேரத்தில் வரும் இந்தக் கேள்வி, பையனைவிட வாசலில் கட்டப்போகும் 'நூற்றுக்கு நூறு' பேனரைத்தான் அதிகம் கவனத்தில் வைத்திருக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்கும் நிபந்தனைகளை மாணவருக்கேற்ப மாற்றியமைப்பது பற்றி இந்த இதழில் மூன்று கட்டுரைகள் வருகின்றன. அவற்றைப் படிக்குமுன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவோம்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வழி என்று மேடைகளில் பேசுகிறோம், நடைமுறையில் அந்த வழியைத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால்தான் தேடத் தொடங்குகிறோம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறைபாடுகளின் பட்டியலை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்தது. கற்றல் குறைபாடும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லும் 17ஆம் பிரிவு, அவற்றோடு பாடத்திட்டத்திலும் உரிய மாற்றம் செய்யச் சொல்கிறது. நம்மில் பலர் தேர்வைப் பற்றிய பாதியை மட்டும் படித்துவிட்டு, பாடத்திட்டத்தைப் பற்றிய பாதியைத் தாண்டிப் போய்விட்டோம்.

உச்ச நீதிமன்றம் 2021இல் இரண்டு முறை இதைத் தொட்டது. பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு குடிமைப் பணித் தேர்வரைப் பற்றியது. நாற்பது விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்று இல்லை என்பதற்காக எழுத்தர் உதவியை மறுக்க முடியாது, அவரவர் தேவையைப் பார்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொன்னது. நவம்பரில் வந்த தீர்ப்பு, எழுத்துக் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வு மையத்தில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது பற்றியது. உரிமை தாளில் இருந்தும் மையத்தில் கிடைக்காமல் போகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

தேர்வு அறைக்குள் வருவோம். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு. மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர் அனுமதிக்கப்பட்டிருக்கிறார், கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. எழுத வந்திருப்பவர் வேறு பாட ஆசிரியர், அப்படித்தான் இருக்க வேண்டும். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை மாணவர் சொல்கிறார்: "மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி பை டூ ஏ." எழுதுபவரின் பேனா நிற்கிறது. வர்க்கமூலக் குறி எதுவரை நீள வேண்டும்? டூ ஏ எதற்குக் கீழே? கேட்டால் உதவி செய்ததாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. கண்முன் பார்த்தே பழகிய ஒன்றை வாயால் சொல்லிப் பழகாத திகைப்பு இவருக்கு. "ரூட்டோட கோடு ஃபோர் ஏசி முடியுற வரைக்கும் இழுங்க சார், அப்புறம் மொத்தத்துக்கும் கீழே கோடு போட்டு டூ ஏ எழுதுங்க" என்று சொல்லத் தெரிந்திருந்தால் மூன்று மதிப்பெண் தப்பியிருக்கும். அதைச் சொல்ல யாரும் மாணவருக்குக் கற்றுத்தரவில்லை. எழுத்தர் ஒருவருடன் அவர் உட்காருவதே அன்றுதான் முதல்முறை.

சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. வடிவியல் படத்தையும் அறிவியல் பாகங்களையும் சொல்லில் வரைந்து காட்ட ஓராண்டுப் பழக்கமாவது வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் முதல் இடைத்தேர்விலேயே இதற்கு ஏற்பாடு செய்யும் பள்ளிகள் உண்டு, ஆனால் குறைவு. மற்ற இடங்களில் சலுகை என்பது ஹால் டிக்கெட்டோடு வந்து ஹால் டிக்கெட்டோடு போய்விடும் ஒரு தாள்.

மொழி விலக்கு விஷயம் இன்னும் சிக்கலானது. தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒன்றை விட்டுவிட்டால் ஐந்து தாள் நான்காகிறது, பெற்றோருக்கு மூச்சு வருகிறது. காது கேளாத பிள்ளைக்கும் கடுமையான வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளைக்கும் இது நியாயமான நிவாரணம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விலக்கு கேட்கும் விண்ணப்பத்தை நிரப்பும்போது, அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் பிறகு எங்கே போகப் போகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போகப் போகிற பையன் என்று வையுங்கள். அங்கே இரண்டாண்டு முடித்தவர் பிளஸ் டூவின் மொழிப் பாடங்களை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் அது பிளஸ் டூவுக்கு இணை என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. கையால் வேலை கற்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதவு கிடையாது. அந்தக் கதவில் கேட்கப்படுவதோ மொழி! பத்தாம் வகுப்பில் சுமை என்று இறக்கிவைத்த அதே பாடம், மூன்று ஆண்டு கழித்து இணைத்தன்மைக்கு வழிமறித்து நிற்கலாம். அங்கும் விலக்கு செல்லுமா, செல்ல என்ன தாள் வேண்டும் என்பதை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவைப்பது சிறப்பாசிரியரின் வேலையில் ஒரு பகுதி. கேட்டால் ஒரு வாரம் தாமதமாகும். கேட்காமல் விட்டால் விலை கொடுப்பது மாணவர்.

சான்று இல்லாத பிள்ளைகளின் கதை வேறு. நாம் 'மெல்ல மலரும் மாணவர்' என்று அன்பாகப் பெயர் வைத்து, மினிமம் மெட்டீரியலைக் கையில் கொடுத்து, மாலை ஆறு மணி வரை உட்கார வைக்கும் கூட்டம். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு என்பது ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் முப்பத்தைந்து. சமூக அறிவியலில் எண்பது வாங்கிய மாணவி கணிதத்தில் முப்பது வாங்கினால் துணைத் தேர்வுதான். இங்கே தரம் குறையாமல் வளைந்துகொடுக்க இடமே இல்லையா?

சி.பி.எஸ்.இ. 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு அடிப்படை, தரநிலை என்று இரண்டு வினாத்தாள் வைத்தது. புத்தகமும் வகுப்பும் ஒன்றுதான், வினாத்தாள் மட்டும் வேறு. அடிப்படைத் தாளில் தேறியவர் மனம் மாறினால் துணைத் தேர்வில் மற்றதை எழுதலாம். ஆறாவது பாடமாகத் திறன் பாடம் ஒன்றை எடுத்துத் தேறியவருக்கு, தவறிய முக்கியப் பாடத்துக்கு ஈடாக அதை எடுத்துக்கொள்ளும் விதியும் அங்கே உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி இன்னும் தூரம் போகிறது: ஒரு மொழியாவது இருக்கும்படி ஐந்து பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்கலாம், ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு, ஒவ்வொரு பாடமாகத் தேறிக்கொண்டே போகலாம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக நடக்கும் ஏற்பாடு இது, நேற்று வந்த பரிசோதனை இல்லை.

மாநிலப் பாடத்திட்டத்திலும் கணிதத்துக்கு இரண்டு தாள் வரலாம் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. வினாத்தாளை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். பள்ளிக்கு அந்த அதிகாரம் போனால் என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். விடுதியிலிருந்து வரும் பிள்ளைகள், தாய்மொழி வேறாக உள்ள பிள்ளைகள், அப்பா கையெழுத்துக்குக்கூட வர முடியாத பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் ஒரே நாளில் எளிய தாளுக்கு நேரே ஏறிவிடும். திறந்தநிலைப் பள்ளியை இன்றே அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் "டி.சி. வாங்கிட்டு ஓப்பன் ஸ்கூல்ல போட்டுடுங்க, அவனுக்கு அதுதான் நல்லது" என்று பெற்றோரிடம் சொல்லப்படும்போது, அந்த நல்லது யாருக்கு என்று நாம் கூட இருந்து கேட்க வேண்டும். மாற்றுவதே சரி என்று முடிவானால், அந்தச் சான்றிதழ் எந்த வேலைக்கு, எந்தப் படிப்புக்குச் செல்லும் என்ற அரசாணையைக் காட்டிவிட்டு மாற்றுங்கள்.

தனி வழி என்று தொடங்கித் தனிமைப்படுத்துவதில் முடிந்த கதை அமெரிக்காவில் உண்டு. நியூயார்க் மாநிலம் சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு அவரவர் தனிக் கல்வித் திட்டத்தின் இலக்குகளை எட்டினால் போதும் என்று ஒரு பட்டயம் கொடுத்துவந்தது. பட்டமளிப்பு மேடையில் எல்லோரோடும் நின்று வாங்கினார்கள், வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டினார்கள். கல்லூரியிலும் ராணுவத்திலும் நீட்டியபோதுதான் அது உயர்நிலைப் பள்ளிப் பட்டயமாகக் கணக்கில் வராது என்று தெரிந்தது. 2013இல் அந்தப் பட்டயத்தை அம்மாநிலம் நிறுத்தியது. அதற்குப் பதிலாகக் கடுமையான குறைபாடுள்ளவர்களுக்கு ஒரு சான்றும், வேலைக்கு ஆயத்தமாவதைக் காட்டும் இன்னொரு சான்றும் வந்தன, இவை பட்டயம் ஆகா என்பதை ஒளிக்காமல். பிள்ளைக்கேற்ப நிபந்தனையை மாற்றும்போது, மாற்றியதன் விளைவை அந்தப் பிள்ளைக்கும் வீட்டுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கில் பல குடும்பங்களுக்கு அது தெரியவந்தது பட்டயம் கைக்கு வந்த பிறகு.

தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானபோது பிளஸ் ஒன் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. 2017-18இல் அதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது: பல பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் அரைத்துக்கொண்டிருந்தன. பழைய நோய் திரும்புமா என்ற கவலை நியாயமானதே. ஆனால் நம் துறைக்கு இது கிடைத்தற்கரிய ஓராண்டு. பொதுத் தேர்வின் நிழல் விழாத அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாணவருக்குப் பிரிவை மாற்றிப் பார்க்கலாம், தொழிற்கல்விப் பிரிவில் நிஜமான பட்டறை நேரம் கொடுக்கலாம், எழுத்தரோடு உட்காரப் பழக்கலாம். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. இத்தனை ஆண்டில் அதை மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் இடமாக ஆக்கியதில் நம் எல்லோருக்கும் பங்குண்டு. அந்தப் பிரிவில் ஆசிரியர் ஓய்வுபெற்றால் பணியிடம் காலியாகவே கிடப்பது தனிக் கதை, வேறொரு இதழில் பேசுவோம்.

எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு விடை கையிலேயே இருக்கிறது. கற்றல் குறைபாட்டுச் சான்றை எட்டு வயதில் முதலில் தந்து, பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. பதினான்கு வயதில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார்கள். அந்த மறுமதிப்பீட்டை மருத்துவமனைக் கையெழுத்தோடு முடித்துவிடாமல், அதே வாரத்தில் பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், மாணவர் நால்வரும் ஒரு மணி நேரம் உட்காரலாம். அங்கே பேச வேண்டியவை அதிகமில்லை. பத்துக்குப் பிறகு எங்கே போக ஆசை, அங்கே என்ன கேட்பார்கள், அதில் எது இவருக்கு முடியும், எதற்கு உதவி வேண்டும், எதை விட்டால் எந்தக் கதவு மூடும், மூடினால் திறக்க வழி உண்டா. ஒரு பக்கத்தில் அடங்கும். சான்று இல்லாத பிள்ளைக்கும் இதே பக்கம் போதும், மருத்துவர் கையெழுத்து இருக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கும்.

அப்படியொரு பக்கத்தின் மாதிரியை இந்த இதழின் நடுப்பக்கத்தில் இணைத்திருக்கிறோம். மாவட்ட அலுவலக முத்திரை எதுவும் அதில் இல்லை, நீங்கள் வெட்டியும் ஒட்டியும் திருத்திக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் எடுத்துவிடாதீர்கள்: கடைசி வரியில் மாணவரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம், பெற்றோர் கையெழுத்துக்கு மேலே. செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்குள் உங்கள் ஒன்றியத்தில் எத்தனை பக்கங்கள் நிரம்பின, எங்கே மாட்டிக்கொண்டன என்று எழுதுங்கள். தொழிற்பயிற்சி நிலைய வழியில் மொழி விலக்கு பற்றி உங்கள் மாவட்ட அலுவலகம் எழுத்தில் ஏதாவது பதில் கொடுத்திருந்தால் அதன் நகலையும் அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றை வரிசையாக வெளியிடுகிறோம், மாவட்டத்துக்கு மாவட்டம் பதில் வேறாக இருந்தாலும்.