கிரேவன் எங்கே போச்சு?

இங்கிலாந்தின் வடக்கே, ஸ்கிப்டனைத் தலைமையிடமா வச்சு 1974ல் உருவான மாவட்டம் கிரேவன். சுமார் 57,000 பேருக்கு 30 மாவட்ட கவுன்சிலர்கள். கிட்டத்தட்ட 1,900 பேருக்கு ஒருத்தர்.

2023 ஏப்ரல் 1ல் அதையும் பக்கத்து ஆறு மாவட்டங்களையும் கலைச்சு, வடக்கு யார்க்‌ஷைர்னு ஒரே கவுன்சிலாக்கிட்டாங்க. தலைமையிடம் நார்த்தலர்டன். 6 லட்சத்துச் சொச்சம் பேருக்கு மொத்தமே 90 பேர். ஒருத்தர் தலையில 6,800 பேர்!

கேட்டா சிக்கனமாம். குப்பை அள்ள மாவட்டம், அதை ஒழிக்க கவுண்டின்னு ரெண்டு ஆபீஸ் இருந்தது கூத்துதான், ஒத்துக்கறேன். அதுக்காக மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்தணுமா?

2024 டிசம்பர்ல வந்த அரசு வெள்ளை அறிக்கை, மிச்ச மாவட்டங்களுக்கும் இதே வைத்தியம்தான்னு சொல்லுது. கைக்கெட்டாத நிர்வாகம் சிக்கனமா இருந்து யாருக்கு லாபம், சொல்லுங்க மக்களே?