தூரம் ஒன்றே, பிரயாண காலம் வேறு

இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தைப் பள்ளிச் சிறுவனும் பூகோளப் படத்தைப் பார்த்துக் கூறிவிடுவான். ஆகாய விமானத்தில் பிரயாண காலம் எவ்வளவு என்று கேட்டாலோ, ராஜ்யங்களின் சிநேக விரோதங்களையும் அறிந்தவரே விடை கூற இயலும்.

பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்ஸிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் நேர்வழித் தூரம் ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். 1983ல் பின்லாந்தின் விமானக் கம்பெனி இந்நகரங்களுக்கிடையே இடைநில்லாப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, ஸோவியத் ஆட்சி ஸைபீரிய ஆகாயத்தை அதற்குத் திறந்துவிடவில்லை. விமானங்கள் வட துருவத்தின் மேலேறி, பேரிங் ஜலசந்தி வழியே இறங்கி, சுமார் 13 மணி நேரம் பறந்தன. பிற்காலத்தில் ஸைபீரிய மார்க்கம் திறந்தது. பிரயாணம் 9 மணி சொச்சமாகக் குறுகிற்று. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரெய்ன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய யூனியன் ருஷ்ய விமானங்களுக்குத் தன் ஆகாயத்தை மூடிற்று; மறுநாளே ருஷ்யா 36 தேசங்களின் விமானங்களுக்குத் தன் ஆகாயத்தை மூடிற்று. டோக்கியோப் பிரயாணம் மீண்டும் ஏறக்குறைய 13 மணி ஆயிற்று. நாற்பதாண்டுகளில் யந்திரங்கள் எவ்வளவோ முன்னேறியும், பிரயாணி 1983ல் இருந்த நிலையையே அடைந்தான். அதிக எண்ணெய்க்கும் அதிக நேரத்துக்கும் விலை கொடுப்பவனும் அவனே.

ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தன் நிலத்தின் மேலுள்ள ஆகாயத்தில் பூரண ஆதிபத்தியம் உண்டு என்பது 1944ம் வருஷத்துச் சிகாகோ உடன்படிக்கையின் முதல் ஷரத்து. இதில் நமக்கு ஆட்சேபமில்லை. தன் ஆகாயத்தைக் காக்க உரிமையற்ற தேசம் ஸ்வதந்திர தேசமாகாது. அபாயம் உள்ள இடத்தில் மூடுவது கடமையுங்கூட. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரெய்னில் மலேஷிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். அன்று அவ்வாகாயம் முற்றிலும் மூடப்பட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர்.

ஆனால் அபாயத்தை முன்னிட்டு மூடுவது வேறு. பதிலுக்குப் பதிலாக மூடுவது வேறு. தரையிறங்காது கடந்து செல்லும் விமானங்களுக்கு வழிவிடுவதென்று அதே சிகாகோ மாநாட்டில் தனி ஒப்பந்தம் ஒன்றும் உண்டாயிற்று. ருஷ்யா அதில் சேரவில்லை. இந்தியா சேர்ந்திருக்கிறது. எனினும் 2025 ஏப்ரலில், பஹல்காம் படுகொலையை அடுத்து, முதலில் பாகிஸ்தானும் பின்னர் இந்தியாவும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று ஆகாயத்தை மூடின. டில்லியிலிருந்து மேற்கே செல்லும் நம் விமானங்கள் அரபிக் கடல்மீது வளைந்து செல்ல நேர்ந்தது.

குற்றம் செய்தவனையும் பதிலளித்தவனையும் நாம் ஒரே தட்டில் நிறுக்கவில்லை. நாம் கோருவது இதுவே: ஆகாயத்தை மூடும் எந்த ராஜ்யமும், அபாயம் பற்றியா அன்றிப் பதில் நடவடிக்கையாகவா என்பதைச் சர்வதேச சபையின்முன் வெளிப்படையாகக் கூறவேண்டும். பதில் நடவடிக்கையாயின், கடந்து செல்லும் பிரயாணி விமானங்களுக்கு விலக்களிக்க வேண்டும். இவ்விதியை முன்மொழியும் தகுதி, சண்டையின் நஷ்டத்தை நேரில் அறிந்த நமது தேசத்துக்கு உண்டு. அதை நம் சர்க்கார் முன்மொழிவார்களாக.