வடிகட்டுவதற்கு முன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல்)

கணினி படிக்கிறோம் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஆய்வக மூலையில் விளக்குகளை மினுக்கிக்கொண்டிருக்கும் 24 துளைச் சுவிட்சோடு பேசத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

அங்கே சுட்டியால் அழுத்தப் படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சிட வேண்டும். சிஸ்கோ சுவிட்சில் 'ஷோ இன்டர்ஃபேசஸ்' என்றால் துளை ஒன்றுக்கு இருபது வரிக்கு மேல் கொட்டும். ஆகவே கட்டளையின் பின்னே ஒரு நெட்டுக்கோடு போட்டு, 'இன்க்ளூட்' என்று எழுதி, வேண்டிய சொல்லைக் கொடுக்கிறோம். அச்சொல் உள்ள வரிகள் மட்டுமே நிற்கும். இந்தக் கோட்டுக்கு மூத்த அண்ணன் யூனிக்ஸில் உண்டு. பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் சொன்ன யோசனையைக் கென் தாம்ப்சன் 1973-இல் செயலாக்கினார்.

அருமையான வசதிதான். ஆனால் அதுவே என்னை ஏமாற்றியது. ஒருநாள் எங்கள் மேசைக் கணினிக்கு இணைப்பு இல்லை. ஆசிரியர் என்னைப் பார்க்கச் சொன்னார். 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' என்பதற்குத் துளைக்கு ஒரு வரிதான். அந்த 24 வரியைப் படிக்கவும் சோம்பல்! 'நாட்கனெக்ட்' என்று வடிகட்டினேன். கம்பி செருகாத துளைகள் வந்தன. எங்கள் துளை வரவில்லை. "சுவிட்சில் குறையில்லை, ஐயா" என்றேன். ஐயா சிரித்துவிட்டு வடிகட்டியை நீக்கினார். எங்கள் துளைக்கு நேரே 'எர்ர்-டிஸேபிள்டு' என்றிருந்தது. யாரோ தம் மடிக்கணினியைச் செருக, போர்ட் செக்யூரிட்டி என்னும் காவல் துளையையே அடைத்துவிட்டிருக்கிறது. நான் தேடிய சொல் வேறு, நடந்த கோளாறு வேறு.

என் அம்மா கடலையைச் சுளகில் இட்டதும் உடனே புடைப்பதில்லை. முதலில் கையால் அளைந்து, என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். பட்டப்படிப்புக்கு வந்த எனக்கு அது தோன்றவில்லையே!

நாமோ செய்முறைத் தேர்வுக்குக் கட்டளைகளை மனப்பாடம் செய்கிறோம். விடை வந்ததும் எழுந்துவிடுகிறோம். ஆங்கிலம் வராது என்று அஞ்சும் என் போன்றோர்க்கு இந்தக் கறுப்புத் திரை உண்மையில் நண்பன். அது கேட்பது ஐம்பது அறுபது சொற்கள்தாம். உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பதில்லை. இல்லாதது பழக்கம் ஒன்றே.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மேற்கொண்டுள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களும் அதில் அடக்கம். அங்கே பழுது பார்க்கப் போகிறவர்கள் வெளியூரிலிருந்துதான் வர வேண்டுமா?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கழித்துப்போட்ட பழைய சுவிட்ச் ஒன்றும் கன்சோல் கம்பி ஒன்றும் எங்களிடம் தாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். கெடுத்துவிடுவோம் என்ற அச்சம் வேண்டா. கெடுப்போம்தான், அதைச் சரிசெய்யவும் அங்கேயே கற்றுக்கொள்வோம்.