ஜிஎஸ்டி குறைந்தது… சைட் வேலைக்கு 'குட்டி யானை' வாங்கலாமா? இஎம்ஐ கணக்கு சொல்வது என்ன?

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மூன்று சக்கர வண்டி, 350 சிசி வரையிலான பைக், சின்ன பெட்ரோல் கார் எல்லாவற்றுக்கும் இப்போது அதே 18தான். சிமென்ட்டுக்கும் அதே நாளில் அதே குறைப்பு. அதற்கு சில மாதங்கள் முன்பு, ஜூனில், டாடா ஏஸ் ப்ரோ 3.99 லட்சம் ரூபாய் ஆரம்ப ஷோரூம் விலையில் அறிமுகமாகியிருந்தது.

விளைவு? எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயின்டர், டைல்ஸ் ஒட்டுபவர், புதிதாக காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்திருக்கும் சிவில் இன்ஜினீயர் என கட்டட வேலையில் இருக்கும் பலருக்கும் ஒரே கேள்வி: சொந்தமா ஒரு வண்டி போட்டுடலாமா?

உங்களுக்கு இதில் என்ன என்கிறீர்களா? வண்டி லோனுக்கு கேரன்டி கையெழுத்து கேட்டு வரப்போவது உங்கள் மச்சானாகவோ தம்பியாகவோ இருக்கலாம். கையெழுத்து போடும் முன் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த காண்ட்ராக்ட், அதுதான் முதல் கேள்வி

நம் ஊரில் வீட்டு வேலை இரண்டு விதமாகப் பேசப்படுகிறது. லேபர் காண்ட்ராக்ட் என்றால் பொருள் வீட்டுக்காரருடையது, ஆளும் வேலையும் மட்டும் நம்முடையது. மெட்டீரியலோடு பேசினால் எல்லாம் நம் பொறுப்பு.

லேபர் காண்ட்ராக்ட்டில் இருப்பவருக்கு சரக்கு வண்டி பெரும்பாலும் தேவையே இல்லை. டைல்ஸ், பைப், பெயின்ட் வாளி எல்லாம் கடையின் வண்டியிலேயே சைட்டுக்கு வந்துவிடும். ஜல்லி, எம்-சாண்ட் டிப்பரில் வரும். நீங்கள் தினமும் தூக்கிப் போவது டிரில்லிங் மெஷின், கட்டர், ரசமட்டம், கரண்டி, டூல்ஸ் பை, சாப்பாட்டு கேரியர். இதற்கு ஒரு எக்ஸ்எல் போதும்.

1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-யின் வாரிசுதான் இந்த எக்ஸ்எல். கால் வைக்கும் இடத்தில் வாளியோ பையோ வைக்கலாம், பின் சீட்டைக் கழற்றினால் இன்னும் இடம். கொத்தனார்களின் வண்டி என்று பெயர் வாங்கியதற்குக் காரணம் மைலேஜ் மட்டுமில்லை, இந்த வசதியும்தான். ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். எக்ஸ்எல் 100-க்கு கம்பெனி சொல்லும் சுமை 130 கிலோ, அதுவும் ஓட்டுபவரையும் சேர்த்து. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஆளோடு சேர்த்துப் பார்த்தால் கணக்குப்படி ஒரு மூட்டைதான் போகலாம். ரோட்டில் நாம் பார்ப்பது வேறு கதை!

மாதம் 18 ட்ரிப் இருக்கிறதா?

சரி, மெட்டீரியலோடு வேலை எடுப்பவர்களுக்கு வருவோம். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்களை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

4 லட்சம் லோன், 11 சதவீத வட்டி, 4 வருடம் என்று வைத்துக்கொள்வோம். இஎம்ஐ மாதம் சுமார் 10,340 ரூபாய். இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீஸ் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் ஒரு 3,000. ஆக, வண்டி வாசலில் சும்மா நின்றாலும் மாதம் 13,340 ரூபாய் போகும்.

இப்போது வாடகைப் பக்கம். ஒரு லோக்கல் ட்ரிப்புக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே ட்ரிப்பை சொந்த வண்டியில் அடித்தால் எரிபொருள் 250 ரூபாய். மிச்சம் 750. மாதச் செலவான 13,340-ஐ 750-ஆல் வகுத்தால் 17.8 வருகிறது. அதாவது மாதம் 18 ட்ரிப் அடித்தால்தான் சொந்த வண்டி, வாடகை வண்டியோடு சமமாகவே நிற்கும். லாபம் 19-வது ட்ரிப்பிலிருந்துதான். இதில் டிரைவர் சம்பளத்தைச் சேர்க்கவில்லை. நீங்களே ஓட்டினால், அந்த நேரத்தில் சைட்டில் வேலை பார்ப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சைட் ஓட்டுபவருக்கு 18 ட்ரிப் சாதாரணம். சென்ட்ரிங் வேலை செய்பவருக்கும் அப்படித்தான். ஷீட், முட்டு, ஜாக்கி எல்லாம் ஒரு சைட்டில் பிரித்து அடுத்த சைட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு ஏஸ் கூட பத்தாது, தோஸ்த் அளவுக்குப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் மாதத்துக்கு ஒரு வீடு பெயின்ட் அடிப்பவருக்கு? என் கணிப்பில், வாடகை வண்டிதான் லாபம். வருடத்தில் இரண்டு முறை வரும் பெரிய லோடை மனதில் வைத்து வண்டி வாங்குவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தப்பு.

ஆடி, ஐப்பசி, மார்கழியிலும் இஎம்ஐ உண்டு

மேலே போட்ட கணக்கு எல்லா மாதமும் வேலை இருக்கிறது என்று நினைத்துப் போட்டது. நிஜத்தில் ஆடியிலும் மார்கழியிலும் புதிதாக பூமி பூஜை போடுபவர்கள் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வந்தால் அஸ்திவாரம், வெளிப்பூச்சு, வெளி பெயின்டிங் எல்லாம் நின்றுவிடும். பேங்க்குக்கு ஆடியும் தெரியாது, மழையும் தெரியாது. 90 நாளுக்கு மேல் தவணை கட்டாமல் போனால், ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தக் கடன் வாராக்கடன். சிபில் ஸ்கோர் விழும், கேரன்டி போட்டவரையும் கேட்பார்கள்.

அதனால் மாதம் 18 ட்ரிப் என்பதை வருடத்துக்கு 216 என்று மாற்றிப் பாருங்கள். வேலை நன்றாக ஓடுவது 8 மாதம்தான் என்றால், அந்த மாதங்களில் ஆளுக்கு 27 ட்ரிப் வேண்டும். கிட்டத்தட்ட தினமும் ஒன்று.

ஆள் ஏற்றினால் என்ன ஆகும்?

ஷோரூமில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் சித்தாள், கொத்தனார் என ஆறேழு பேரை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பாதி பேர் வண்டி வாங்குவதே அதற்காகவும்தான். ஆனால் பதிவுப்படி அது சரக்கு வண்டி. விபத்து நடந்தால், பின்னால் இருந்தவர்களுக்கு பாலிசி பொருந்தாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். இழப்பீட்டை முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்ட வழக்குகள் உண்டு. அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும். போன உயிர் தனி.

வேலைக்கு மூன்று நான்கு பேரைக் கூட்டிப் போவதுதான் உங்கள் தேவை என்றால், மாருதி ஈகோ 5 சீட்டர் போன்ற வேனைப் பார்க்கலாம். ஆளுக்கு சீட், பெல்ட் இருக்கிறது. பின்னால் டூல்ஸ், ஒயர் சுருள், ஏசி மெஷின் வைக்க இடமும் இருக்கிறது. பூட்டும் உண்டு, மழையில் நனையாது. எலக்ட்ரிக்கல், ஏசி, பிளம்பிங் வேலைக்கு ஏஸை விட இதுதான் பொருத்தம் என்பேன். ஜல்லி, சிமென்ட் ஏற்ற மட்டும் ஆசைப்படக் கூடாது.

ஒரு வித்தியாசம் கவனியுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்து வழக்கமான முறையில் வரி கட்டுபவர் என்றால், தொழிலுக்கு வாங்கும் சரக்கு வண்டிக்குக் கட்டிய 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம். ஆள் போகும் ஈகோவுக்கு அது கிடையாது.

பேப்பர் வேலை

நல்ல செய்தி, இதற்கென தனி பேட்ஜ் தேவையில்லை. சாதாரண எல்எம்வி லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் வேண்டாம். ஆனால் மஞ்சள் போர்டு, எஃப்.சி. இரண்டும் உண்டு. சொந்தப் பொருளைத்தான் ஏற்றுகிறேன் என்றாலும் இதில் விலக்கில்லை. அதிக பாரம் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாயிலிருந்து ஆரம்பம். ஏஸின் தொட்டி சுமார் 7 அடி, பிவிசி பைப் 20 அடி. பின்னால் நீட்டிக்கொண்டு போனால் அதற்கும் அபராதம் இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்கள் வண்டியின் வயதைக் கேளுங்கள். 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குமேல் வருடாவருடம். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரிந்துவிடும். ஆர்.சி.யில் பழைய லோனின் ஹைப்பாத்திகேஷன் இருந்தால், பேங்க்கின் என்.ஓ.சி. கைக்கு வரும்வரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.