நம் பெயரில் தரகர் எழுதும் விண்ணப்பம்

“எங்கள் பாட்டனார் கடவுச்சீட்டு என்ற ஒன்றைக் கண்ணாலும் காணாமல் கொழும்பில் கடை நடத்தினார்” என்று பெருமை பேசாத வீடு மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் காயல்பட்டினத்திலும் அரிது. உண்மைதான், மறுப்பார் யார்? தூத்துக்குடியில் கப்பலேறினால் கொழும்பு. 1914 முதல் தனுஷ்கோடியில் இரயிலைவிட்டு இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். இரு கரையும் ஒரே பிரிட்டிஷ் முடியின்கீழ் இருந்தமையால், பொதிகையில் பிறந்த பொருநை புன்னைக்காயலில் கடலோடு கலப்பது போல நம்மவர் அக்கரையோடு கலந்தனர்.

அந்தக் கதையின் பிற்பகுதியை மட்டும் ஏனோ எவரும் சொல்வதில்லை. 1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டிலேயே அங்குக் குடியுரிமைச் சட்டமும், குடிவரவு குடியகல்வுச் சட்டமும் இயற்றப்பட்டன. அதுவரை வந்து போவதை வழக்கமாகக் கொண்டிருந்த வணிகரிடம் ‘நீ எந்நாட்டவன்? உன் தாள் எங்கே?’ என்ற வினா எழுப்பப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கல்லாவில் அமர்ந்திருந்தோர் தற்காலிக வசிப்பு அனுமதிக்கு மனுப் போட்டுக் காத்து நின்றனர். பாட்டனாரின் பெருமையைப் பேசுகிறவர்கள் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு திரும்பிய நாளையும் சேர்த்தே பேசட்டும். தாளைப் பற்றிக் கவலையற்றிருந்த காலம் அவரோடு முடிந்தது. அந்தக் கவலையின்மை மட்டும் நம்மிடம் எஞ்சி நிற்கிறது!

‘இவையெல்லாம் இக்காலத்து அரசுகள் இட்ட விலங்குகள்’ என்று சிலர் அலுத்துக்கொள்கின்றனர். அதுவும் சரியன்று. 14-ஆம் நூற்றாண்டில் உலகைச் சுற்றி, இலங்கையையும் மதுரையையும் கண்டு சென்ற இப்னு பதூதா, எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடையே கத்யா என்னும் சாவடியில் அனுமதிச் சீட்டின்றி எவரும் கடக்க இயலாதென்று தம் பயண நூலில் குறித்திருக்கிறார். இரவில் மணலைச் சமன் செய்து விடுவார்களாம். காலையில் அதில் கால்தடம் தென்பட்டால் ஆளைத் தேடிப் பிடிப்பார்களாம். கடவுச்சீட்டுக்கு அரபியர் இன்று வழங்கும் ‘ஜவாஸ்’ என்னும் சொல்லுக்கே ‘கடந்து செல்ல இசைவு’ என்பதுதான் பொருள். இசைவு கேட்பவன் தன் வாயால் கேட்க வேண்டாமா? நம்மவர் அதைத் தரகரின் வாயால் கேட்கிறார்கள். நம் வழக்கெல்லாம் இதுபற்றியே.

விண்ணப்பத்தை நிரப்புகிறவர் யார்? தரகர், அல்லது கடைவீதிக் கணினி நிலையத்துப் பையன். பெயரில் குடும்பப்பெயர் எது, இடுபெயர் எது என்று அவனாகவே முடிவு செய்கிறான். நமக்கோ குடும்பப்பெயர் என்னும் வழக்கமே கிடையாது. தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னே நிற்கும். ஆகவே அந்தக் கட்டம் வெறுமையாகவே விடப்படுகிறது. இதன் விளைவு 2022 நவம்பரில் தெரிந்தது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவரைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதுமென்று பின்னர்த் தளர்த்தினார்கள். இடைப்பட்ட நாட்களில் பயணச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்களை நாம் அறிவோம்.

எழுத்தின் கதை இதனினும் வேடிக்கை. காதிர் என்னும் பெயரின் முதலெழுத்து அரபியில் அடித்தொண்டையில் பிறப்பது. அதைத் தந்தையின் சான்றிதழில் ‘கே’ கொண்டும், மகனின் சான்றிதழில் ‘க்யூ’ கொண்டும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். உம்மாவின் பாத்திமா ‘பி’யில் தொடங்கும், அவர் மகளுடையது ‘எஃப்’பில் தொடங்கும். அங்கே அந்நாட்டு எழுத்தர் ஆங்கிலத்தைப் பார்த்து மீண்டும் அரபியில் எழுதும்போது, ஒரே வீட்டார் வெவ்வேறு குலத்தவராகி விடுகின்றனர். நூற்றாண்டுகளாக அரபுத்தமிழில் எழுதிப் பழகிய சமுதாயம் தன் பெயரைத் தானே ஒரே சீராக எழுத மாட்டாமல் நிற்பது நாணத்தக்கதன்றோ! பிறந்த தேதியோ, பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் வசதிக்கேற்பக் குறித்தது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே கடவுச்சீட்டுக்கு ஏற்கத்தக்க வயதுச் சான்று. தொட்டிலில் கிடக்கும் பேரனுக்கேனும் பெயரை எழுத்துப் பிழையின்றிப் பதிவு செய்தீர்களா என்று பாட்டிமார் கேட்கட்டும்.

பிழை வேறு, பொய் வேறு. ‘விசிட் விசாவில் ஏறு, வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்று தரகர் சொல்வது பொய். விசாவை அங்கே சென்று மாற்றிக்கொள்ளச் சில நாடுகளில் வழி உண்டு, சிலவற்றில் இல்லை. மாற்றும்வரை செய்யும் வேலை எங்குமே சட்டத்துக்குப் புறம்பானது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நம் நாட்டவரை விசாவின்றி 30 நாள் வந்துபோக அனுமதித்தபோது, உணவகத்தில் எச்சில் தட்டெடுக்க ஆளனுப்பவும் அதையே வாயிலாக்கிக்கொண்டனர் சிலர்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காக வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ செல்வதாயின், குடிபெயர்வோர் பாதுகாவலரின் இசைவு பெற வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு. அந்த இசைவோடு வேலை ஒப்பந்தமும் 10 இலட்ச ரூபாய்க் காப்பீடும் இணைந்து வருகின்றன. வருகை விசாவில் செல்பவனுக்கு அந்த இசைவு தேவையில்லை. ஆகவே அந்தக் காப்பும் இல்லை. சாரத்திலிருந்து விழுந்தால் அவன் யாருக்கும் தொழிலாளி அல்லன். ஊர் பார்க்க வந்தவன்! படித்தவனைவிடப் படியாதவனுக்கே காப்பு மிகுதியாகத் தேவை. அவனைத்தான் நம் தரகர்கள் அந்தக் காப்பிலிருந்து உரித்தெடுத்து அனுப்புகிறார்கள். அவர் ‘நம்ம ஊர்க்காரர், மச்சான் முறை’ என்பதால் எவரும் வாய் திறப்பதில்லை.

‘தரகர் இல்லாவிட்டால் ஏழை எப்படிப் பிழைக்கப் போவான்?’ என்று கேட்கிறார்கள். நியாயமான வினா. நாம் முகவரே வேண்டாம் என்னவில்லை. அரசிடம் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர்கள் உண்டு. அவர்களின் பட்டியலை எவரும் பார்க்கலாம். பதிவெண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் பணத்தை நீட்டுவானேன்? கடவுச்சீட்டில் அறிந்தே பொய் கூறினால் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. அங்கே விண்ணப்பதாரராக நிற்பது தரகர் அல்லர், கையொப்பமிட்ட நம் பிள்ளை. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அந்த 36 பக்க ஏடு எக்காலத்தும் நடுவணரசின் உடைமை. அதைக் கடனுக்கு ஈடாக வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் உரிமை எந்தத் தரகருக்கும் இல்லை. நகையை அடகு வைப்பது போல் அதையும் வைத்துவிட்டு வரும் தந்தையருக்கு இதை யாரேனும் படித்துக் காட்டுங்கள்.

முன்னாளில் கடவுச்சீட்டுக்காகச் சென்னைக்கு அலைந்தோம். இப்போது திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971-இல் தொடங்கப்பெற்ற பின்னர், பட்டம் பெற்ற பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! வீட்டில் பட்டதாரி மகள் அமர்ந்திருக்க, வாப்பாவின் விண்ணப்பம் ஏன் கடைவீதிக்குப் போகிறது? திருமணத்துக்குப் பதிவேடும் சந்தாவுக்குக் கணக்கும் வைத்திருக்கும் நம் ஜமாஅத்துகள், வாரம் ஓர் இரவு மஃரிபுக்குப் பின் ஒரு மேசையைப் போடட்டும். பயணம் புறப்படுபவர் தம் விசாவையும் ஒப்பந்தத்தையும் கொண்டு வரட்டும். அரபியில் உள்ளதை மதரஸா உஸ்தாதுகளும், ஆங்கிலத்தில் உள்ளதைக் கல்லூரிப் பிள்ளைகளும் வரிவரியாகப் படித்துச் சொல்லட்டும். பெண்களுக்குப் பெண்களே தனியே சொல்லட்டும். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எவர் பெயரில் விசா என்ற மூன்றையும் பதிவேட்டில் குறித்துக்கொண்ட பிறகே வழியனுப்பு துஆவுக்கு ஆலிம்சாவை அழைக்கட்டும்.