ஞாயிறு மாலைக் கூட்டம்



சென்ற விடுமுறையில் ஆனைக்கரைக்குச் சென்றிருந்தேன். இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை கிடையாது. ஆதலால் "ரயிலில்லா ஊருக்கு ரயில்காரர் வந்துவிட்டார்" என்று உறவினர் என்னைப் பரிகாசம் செய்வது வழக்கம். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காக மலையேறிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. மலை நமக்குப் பிழைப்பைத் தந்தது. ஆனால் சுற்றத்தார் கீழேயே நின்றுவிட்டனர். மனம் நொந்த வேளையில் திண்ணையில் அமர்ந்து சொல்லி அழ ஒரு பெரியம்மாள் பக்கத்தில் இல்லை. அக்குறையை ஓரளவு தீர்க்கும் பொருட்டே தேவாலயங்களில் வாராந்தரக் கலந்துரையாடல்கள் நடைபெறுகின்றன.

மலைப்பக்கத்தில் அத்தகைய கூட்டம் ஒன்றிற்கு என் தமக்கையாருடன் சென்றேன். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அன்றைய பொருள் குடியும் குடும்பமும். பேச்சாளர் முக்கால் மணி நேரம் பேசினார். பின்னர் பெண்மணி ஒருவர் எழுந்து, தம் கணவர் இரவெல்லாம் உறங்காமல் உட்கார்ந்திருப்பதாகவும், "இனி இருந்து என்ன பயன்?" என்று அடிக்கடி கூறுவதாகவும் தழுதழுத்த குரலில் சொன்னார். உடனே ஒரு பெரியவர், விசுவாசம் குன்றியதே காரணம் என்றார். இன்னொருவர், முதலில் குடியை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். அவர் குடிப்பவரா என்று எவரும் கேட்கவில்லை! அம்மையார் உட்கார்ந்துவிட்டார். அவர் வீடு திரும்புமுன் செய்தி லயம் முழுவதும் பரவிவிட்டது. அடுத்த இரு வாரங்களும் அவர் வரவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

ஜெபத்தை நான் குறைகூறுவதாக எவரும் எண்ணலாகாது. தேவாலயத்தில் தொடங்கிய பெருமுயற்சி ஒன்றையே எடுத்துக்காட்டுகிறேன். இங்கிலாந்தில் சாட் வாரா என்றொரு குருவானவர் இருந்தார். 1935ஆம் ஆண்டு, அவர் குருத்துவப் பணியேற்றதும் முதன்முதல் நடத்திய அடக்கச் சடங்கு, தன் உயிரை மாய்த்துக்கொண்ட பதினான்கு வயதுச் சிறுமியுடையது. பருவமடைந்ததைக் கொடிய நோயென அஞ்சிய அக்குழந்தைக்கு, ஐயம் கேட்க ஒருவருமில்லை. அது அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1953ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், இலண்டனில் தூய ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக எண்ணுவோர் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் பெருகியது. காத்திருப்போருக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்கள் வந்தனர். பலர் அத்தொண்டர்களிடமே மனம் விட்டுப் பேசி, குருவானவரைப் பாராமலே ஆறுதலடைந்து திரும்பினார்கள். அதனைக் கண்ட அவர், 1954இல் கேட்கும் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அவ்வியக்கமே சமாரியர்கள். அப்பெயரைச் சூட்டியது ஒரு செய்தித்தாள். அவ்வழியில் சென்னையில் 1986இல் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 'சிநேகா'வைத் தோற்றுவித்தார். அங்கும் செவிசாய்ப்போர் தொண்டர்களே.

ஜிம்பாப்வே நாட்டிலோ, 2006 முதல் மருத்துவர் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களுக்குப் பயிற்சியளித்து, மருத்துவ நிலையத்து மரபெஞ்சுகளில் அமர்த்தி வருகிறார். 'மிகுதியாக எண்ணுதல்' என்பதே மனச்சோர்வுக்கு அம்மக்கள் சொல்லும் பெயராம். நம் லயத்துப் பெண்களும் "யோசனை ஜாஸ்தி" என்றுதானே சொல்கிறார்கள்!

ஆகவே நம் கூட்டங்களில் உரையைக் கால் மணியாகக் குறைக்கலாம். அங்கே கேட்டது அங்கேயே தங்கவேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசக் கூசுவோர் தனியே பேச, பக்குவமான இருவர் பின்னர் இருக்கவேண்டும். "சாக நினைக்கிறீர்களா?" என்று நேரே கேட்டால் அவ்வெண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று அஞ்சுகிறோம். அது தவறு, பரிவோடு கேட்பது பாரத்தைக் குறைக்கும் என்றே மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆனால் அவ்வாறு நினைப்பவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் தாமதிக்கலாகாது. காவல் துறைக்கு அஞ்சி மறைப்போரும் உளர். உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மேலும், 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசு உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

முன்சொன்ன அம்மையாரின் இசைவு பெற்றே இதனை எழுதியுள்ளேன். என் தமக்கையார் சென்ற வாரம் அவர் வீட்டிற்குச் சென்றிருந்தார். அம்மையார் உள்ளே அழைக்கவில்லை; வாசற்படியில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசினாராம். கணவர் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வரும் புதன்கிழமை மூவருமாகக் கட்டப்பனைக்கு, மருத்துவரிடம் செல்ல இருக்கிறார்கள்.