சினைப்பை நோயும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

மாதவிலக்கு ஒழுங்காக வாராமைக்குப் பெருங்காரணமாகிய சினைப்பை நீர்க்கட்டி நோயைக் குறித்துப் பேசுவோர், இக்காலத்தில் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்னும் தொடரை அடிக்கடி கையாளுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் தோன்றிய இத்தொடர் மருந்துக்கடை மாத்திரை அட்டைகளிலும் ஏறிவிட்டது. ஆகவே, கள ஊழியரும் ஆசிரியரும் இதன் பொருளோடு எல்லையையும் அறிதல் வேண்டும்.

உயிரணு உணவை எரித்துச் சக்தி பெறும்போது, கடுமையாக வினைபுரியும் சில ஆக்சிஜன் துணைப்பொருள்களும் உண்டாகின்றன. குளூடாதயோன் முதலிய காப்புப் பொருள்கள் இவற்றை அடக்குகின்றன. அடக்க இயலாத அளவுக்கு இவை மிகுவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அந்நிலையில் இன்சுலின் செவ்வனே வேலை செய்வதில்லை; உடல் அதனை மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையில் ஆண்பால் ஹார்மோன்களைப் பெருக்க, சினைமுட்டையின் முதிர்ச்சி தடைப்படுகிறது.

இது வெறும் ஊகமன்று. 68 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயுற்ற பெண்களிடம் கொழுப்புச் சிதைவைக் காட்டும் மலோன்டையால்டிஹைடு சுமார் 47 சதவீதம் மிகுந்தும், குளூடாதயோன் 50 சதவீதம் குறைந்தும் காணப்பட்டன. உடல் பருமனே இதற்குக் காரணம் என்பாரும் உளர். ஆனால், சர்க்கரை உட்கொண்டதும் இந்நோயாளரின் வெள்ளணுக்களில் இத்துணைப்பொருள்கள் பெருகுவதும், மெலிந்த பெண்களிடத்தும் அவ்வாறே நிகழ்வதும் 2006-இல் அமெரிக்க ஆய்வொன்றில் தெரியவந்தன.

ஆயினும் இது நோயின் மூலமா, விளைவா என்பது முடிவாகவில்லை. இரத்தத்தில் மிகும் சர்க்கரையும் இதே அழுத்தத்தை உண்டாக்கும். நோயை உறுதி செய்யும் விதிகளிலும் இதற்கெனச் சோதனை ஏதுமில்லை. இந்நிலையில், அழுத்தத்தைத் தணிக்கும் மாத்திரை நோயைத் தீர்க்கும் என்று பள்ளிச் சிறுமியின் தாயிடம் கூறுவது சான்றுக்கு மீறிய பேச்சு.

விதிகளே எண்ணிக்கையை மாற்றவல்லவை. மும்பையில் 15 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களிடையே நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ராட்டர்டாம் விதிப்படி 22.5 சதவீதத்தினருக்கும், மற்றொரு விதிப்படி 10.7 சதவீதத்தினருக்கும் நோய் எனக் கணக்காயிற்று. பெண்கள் அவர்களே, அளவுகோல்தான் வேறு.

முலுண்டிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழ்க் குடும்பங்களைச் சந்திக்கும் ஊழியர் முதலில் கேட்டறிய வேண்டியது மாதவிலக்குத் தேதிகளையே. பூப்பெய்திய முதலாண்டில் ஒழுங்கின்மை இயல்பு. பின்னர் மூன்றாம் ஆண்டு வரை இடைவெளி 45 நாளைத் தாண்டினாலும், அதன்பின் 35 நாளைத் தாண்டினாலும் மருத்துவரிடம் அனுப்புதல் தகும். முதலாண்டு கழிந்தபின் ஒருமுறையேனும் 90 நாளுக்கு மேற்பட்டால் தாமதம் கூடாது. உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் அனைவருக்கும் உரியவை. 2023-இன் சர்வதேச நெறிமுறையும் இவற்றை வற்புறுத்துகிறது. வளரிளம் பருவப் பெண்ணுக்கு நோயை அறிய ஸ்கேன் எடுப்பதை அந்நெறிமுறை பரிந்துரைக்கவில்லை. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று பதறும் பெற்றோரிடம் இதனை எடுத்துரைக்கலாம்.